'நெட் இல்லை' என்று சொல்லுமுன் திரையை ஒருமுறை வாசியுங்கள்

பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை நடத்தும் எனக்குக் கணனி என்பது பில் அடிக்கவும், கடன் கணக்கு எழுதவும், வங்கி மூலம் காசு அனுப்பவும் உதவும் ஒரு சாமான். அதற்கு மேல் அதைப்பற்றி நான் அறிந்திருக்கவுமில்லை, அறிய விரும்பியதுமில்லை. அந்த அறியாமைக்கு 2022ஆம் வருடம் நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது மார்ச் மாதக் கடைசி. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு என்று அறிவிக்கப்பட்ட நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டொலர் இல்லாததால் சந்தையில் சாமானும் இல்லை. எனக்குத் தெரிந்த இறக்குமதியாளர் ஒருவரிடம் மட்டும் ஒரு தொகுதி பிரேக் பேட் இருந்தது. "முதலில் காசு போடுபவருக்கே சாமான்" என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். கரண்ட் வந்த உடனேயே கணனியைப் போட்டு வங்கியின் பக்கத்தைத் திறந்தேன். வங்கிக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கைப் பக்கம் வந்தது. கூகிளைத் திறந்தேன், அதே பக்கம். மின்னஞ்சலிலும் அதுவேதான். கரண்ட் இருந்தது, ரவுட்டரில் விளக்குகள் எரிந்தன, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. நான் வங்கிக் கிளைக்குப் போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் பிரேக் பேட் வேறு கடைக்குப் போய்விட்டது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கணனி திருத்துபவர் ஒருவரை வரவழைத்தேன். அவர் திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வைரஸ் ஏறிவிட்டது, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும்" என்றார். போட்டார், 5,000 ரூபா வாங்கினார், எல்லாம் திறந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் என் கடன் கணக்கைத் தேடினேன். மூன்று மாதக் கணக்கு திரையின் முகப்பிலேயே ஒரு கோப்பாக இருந்தது. விண்டோஸோடு அதுவும் அழிந்துவிட்டது. வெளியூர்க் கடைக்காரர்களுக்கு யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதற்கு என்னிடம் எஞ்சியது நினைவு மாத்திரமே.

அடுத்த நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு அதே எச்சரிக்கைப் பக்கம் மீண்டும் வந்தது. அன்று தற்செயலாக என் சகோதரியின் மகன் கடைக்கு வந்திருந்தான்.

"மாமா, இதுல போட்டிருக்கிறத வாசிச்சீங்களா?"

"என்னத்த வாசிக்க? இங்கிலிஷில பிழை எண்டு போட்டிருக்கு."

"பிழை எண்டு போடல்ல மாமா. உங்கட மணிக்கூடு பின்னுக்கு நிக்குது எண்டு போட்டிருக்கு."

உண்மையில் அப்படித்தான் எழுதியிருந்தது. பெரிய எழுத்தில், கணனியின் திகதியோடு: 2012 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை. திருத்த வந்தவரும் அதை வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. பிழையும் அதற்கான மருந்தும் கண்முன்னே இருக்க, நான் கணக்கை அழிக்கக் காசு கொடுத்திருக்கிறேன்.

மணிக்கூடு பிழைத்தால் இணையம் ஏன் நிற்க வேண்டும்? ஒவ்வொரு பாதுகாப்பான இணையத்தளமும் தான் இன்னார்தான் என்பதற்கு ஒரு சான்றிதழை பிரவுசரிடம் காட்டுகிறது. எமது வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் போல அதற்கும் ஆரம்பத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணனி 2012 என்று நினைத்துக்கொண்டிருந்தால், 2022இல் கொடுக்கப்பட்ட சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்காத பத்திரம். ஆகவே எல்லாத் தளங்களையும் சந்தேகித்து நிறுத்திவிடுகிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் கணனியின் மணிக்கூட்டை ஓட்டுவது மதர்போர்ட்டிலுள்ள காசு அளவான ஒரு சிறிய பெட்டரி. சீஆர் 2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். அது செத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் மணிக்கூடு பழைய திகதிக்குப் போகும். வித்தியாசம் வருடக்கணக்கில் இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ளும் என்றும் எதிர்பார்க்க முடியாது. பெட்டரிக்கு நான் கொடுத்தது 150 ரூபா. வாகனம் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருபவரிடம் "முதலில் பெட்டரியைப் பார்த்தீர்களா?" என்று நாளெல்லாம் கேட்கும் மனிதன் நான்!

எங்கே அறுந்திருக்கிறது?

அன்றிலிருந்து இந்தப் பக்கங்களை வாசிக்கப் பழகினேன். மருமகனிடமும் இன்னும் சிலரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை வியாபாரிகளின் மொழியில் சொல்கிறேன்.

உங்கள் கணனிக்கும் வங்கியின் கணனிக்கும் இடையில் ஒரு சங்கிலி இருக்கிறது. உங்கள் போன் அல்லது கணனி, கடையிலுள்ள ரவுட்டர், இணையச் சேவை நிறுவனம், பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடிக்கொடுக்கும் டிஎன்எஸ், கடைசியாக வங்கியின் சொந்தக் கணனி. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: "நெட் இல்லை." பிரவுசர் அப்படிச் சொல்வதில்லை. எந்தக் கண்ணி என்பதற்கு ஓரளவு துப்புத் தருகிறது.

மெசெஞ்சர் வீதியில் ஒருவருக்குச் சாமான் கொடுக்கப் பையனை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் எங்கள் கடை வாசலையே தாண்ட முடியாமல் நிற்கிறான் என்றால் அது 'இன்டர்நெட் டிஸ்கனெக்டட்', குரோமில் டைனோசர் படம் வரும் பக்கம். குறை எங்கள் பக்கத்தில்: வைஃபை அணைந்திருக்கும், கேபிள் கழன்றிருக்கும், டேட்டா மூடியிருக்கும். அந்தப் பெயரில் ஒரு கடையே இல்லை என்று திரும்பி வந்தால் அது 'நேம் நொட் ரிசோல்வ்ட்' அல்லது 'என்எக்ஸ் டொமைன்'. முதலில் நீங்கள் அடித்த பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள், பாதிக்குப் பாதி அதுதான். கடையைக் கண்டுபிடித்து நெடுநேரம் கூப்பிட்டும் உள்ளேயிருந்து பதில் இல்லை என்றால் 'டைம்ட் அவுட்'. கடை இருக்கிறது, ஆனால் வியாபாரம் இல்லை என்று உடனே முகத்திலடித்தாற்போல் சொன்னால் 'கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்'. 500, 502, 503, 504 போன்ற இலக்கங்கள் வந்தால் பையன் கடைக்குள்ளேயே போய்விட்டான், அங்கேதான் ஏதோ குழப்பம். உங்கள் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் 503 போகாது. வரி கட்டும் கடைசி நாளில் எல்லோரும் ஒரே வாசலில் நெருக்கும்போது இந்த இலக்கங்களைக் காணலாம். கடைசி நாள் வரை காத்திருக்கும் எமது பழக்கத்துக்கு மருந்து எந்தக் கணனியிலும் இல்லை.

எது அறுந்தது என்று உறுதிப்படுத்த ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அதே கணனியில் வேறொரு தளம் திறக்கிறதா? திறந்தால் உங்கள் இணையம் நன்றாகவே இருக்கிறது, அந்தத் தளத்தில்தான் கோளாறு. எதுவும் திறக்கவில்லை என்றால், போனின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவில் திறந்து வைஃபையில் திறக்காவிட்டால் ரவுட்டரோ சேவை நிறுவனமோதான் காரணம். இரண்டிலும் திறக்காவிட்டால் அந்தத் தளத்துக்காரர்கள் திருத்தும்வரை நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் இரண்டு நிமிடம் போதும். எதையும் அழிக்க வேண்டியதில்லை.

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் நின்றன. அந்த நிறுவனத்தின் சொந்தக் கட்டமைப்பில் செய்த ஒரு மாற்றம் பிழைத்து, அதன் பெயர்களையே இணையத்தில் கண்டுபிடிக்க முடியாமல் போனது. அன்றிரவு எங்கள் பகுதியில் போனை அணைத்துப் போட்டவர்கள், சிம்மைக் கழற்றித் துடைத்தவர்கள், செயலியை அழித்துவிட்டு மீண்டும் இறக்க முடியாமல் தவித்தவர்கள் பலர். வேறொரு தளத்தை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

ரவுட்டரை அணைத்துப் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சும்மா கைவைத்தியம் அல்ல, பல நேரம் உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் அணைத்து உடனே போடாமல் அரை நிமிடம் விடுங்கள், போட்ட பின்னர் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் கேபிள் வழியே உங்கள் பெட்டிக்கு வரவில்லை. கேபிள் பெட்டியிலிருந்து கழன்றோ கடுமையாக மடிந்தோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சேவை நிறுவனத்துக்கு அறிவியுங்கள். விண்டோஸை மாற்றினாலும் அந்தச் சிவப்பு விளக்கு அணையாது.

வாட்ஸ்அப் திறக்கிறது, பெயர் சொன்னால் மட்டும் தளம் திறக்கவில்லை என்ற நிலை கணனியில் வந்தால் டிஎன்எஸ் சரியில்லாமல் இருக்கலாம். கணனியின் இணைய அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டுப் பார்க்கலாம். முதலாவது 2009 முதல் கூகிளும், இரண்டாவது 2018 முதல் கிளவுட்ஃபிளேரும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பவை. மாற்றுமுன் அங்கே முன்பு என்ன இருந்தது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

போனில் வரும் தொல்லைகள் வேறு

எங்களில் பெரும்பாலானோர் இப்போது போனில்தான் வியாபாரம் செய்கிறோம். போனில் மிக அதிகமாக நான் காணும் முறைப்பாடு, "வாட்ஸ்அப் வேலை செய்கிறது, பேஸ்புக் வேலை செய்கிறது, ஆனால் வங்கி மட்டும் திறக்குதில்லை" என்பது. வங்கியைத் திட்டுமுன் உங்கள் பக்கேஜைப் பாருங்கள். நாங்கள் மலிவு என்று போடும் சில பக்கேஜ்கள் சமூக ஊடகச் செயலிகளுக்கு மட்டும் உரியவை. எந்த நேரத்துக்கும் எந்தத் தளத்துக்கும் உரிய டேட்டா முடிந்திருந்தால், அந்தச் செயலிகள் மட்டும் ஓடும், பிரவுசர் நின்றுவிடும். இதைப் போனின் கோளாறு என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்தவர்களை நான் அறிவேன்.

அடுத்தது விபிஎன். 2018 மார்ச்சில் திகன வன்முறையை அடுத்தும், 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதலை அடுத்தும், மீண்டும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வீட்டாரோடு பேசவும் வாடிக்கையாளரோடு தொடர்பு கொள்ளவும் எல்லோரும் கிடைத்த இலவச விபிஎன்னைப் போட்டுக்கொண்டோம். முடக்கம் நீங்கியது, விபிஎன் நீங்கவில்லை. இன்றும் பலரது போனில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கிறது. விபிஎன் ஓடும்போது உங்கள் போன் வேறொரு நாட்டிலிருந்து வருவது போலத் தளங்களுக்குத் தெரியும். வங்கித் தளங்கள் சந்தேகித்து மறுக்கலாம், அல்லது அந்த இலவச விபிஎன்னின் கணனி நின்றுபோய் உங்கள் முழு இணையமும் நிற்கலாம். யாரென்று தெரியாத ஒருவர் ஊடாக வங்கிக்குப் போவது சரியா என்ற கேள்வி வேறு இருக்கிறது. தேவையில்லாவிட்டால் அழித்துவிடுங்கள். கணனியில் 'ப்ரொக்ஸி கனெக்ஷன் ஃபெய்ல்ட்' என்று வந்தாலும் இதுபோன்ற ஒரு பழைய விருந்தாளியைத்தான் தேட வேண்டும்.

அன்ட்ரொயிட் போன்களில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. விளம்பரம் வராமலிருக்க யாரோ சொல்லி அதில் ஒரு பெயரைப் போட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் வேலை செய்யாத நாளில் வைஃபையிலும் டேட்டாவிலும் ஒன்றுமே திறக்காது. அதை 'ஒட்டோமெட்டிக்' என்று மாற்றினால் சரியாகிவிடும். வெளியூர்ப் பயணத்தில் சிக்னல் கம்பிகள் நிறைந்திருந்தும் எதுவும் திறக்காவிட்டால் விமான முறையைப் பத்து விநாடி போட்டு எடுங்கள், போன் கோபுரத்தோடு புதிதாகத் தொடர்பு கொள்ளும்.

பழைய சாதனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 7, 8.1 கணனிகளுக்குக் கூகிள் 2023 பெப்ரவரியிலிருந்து புதிய குரோம் கொடுப்பதில்லை. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்டின் பொதுவான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. மிகப் பழைய அன்ட்ரொயிட் போன்களுக்குப் புதிய சான்றிதழ்களை யார் கொடுத்தார் என்றே தெரியாது. இப்படியான சாதனங்களில் ஒவ்வொரு தளமாகத் திறக்காமல் போவது இயல்பு. பில் அடிப்பதற்கு அந்தக் கணனியை வைத்துக்கொள்ளுங்கள், காசு அனுப்ப வேண்டாம்.

தாண்டிப் போகக் கூடாத பக்கம்

மேலே சொன்ன எல்லாப் பிழைகளிலும் அவசரப்பட்டால் நேரம்தான் நட்டம். காசு நட்டமாவது இரண்டு இடங்களில்.

முதலாவது, காசு அனுப்பும் பொத்தானை அழுத்திய பின்னர் பக்கம் நின்றுவிடுவது. மெசெஞ்சர் வீதி நண்பர் ஒருவர் இரண்டரை இலட்சம் அனுப்பினார். சுற்றிக்கொண்டேயிருந்து 'டைம்ட் அவுட்' வந்தது. போகவில்லை என்று நினைத்து மீண்டும் அனுப்பினார். இரண்டுமே போயிருந்தன. 'டைம்ட் அவுட்' என்றால் பதில் உங்களுக்கு வந்து சேரவில்லை என்பதுதான். உங்கள் கட்டளை அங்கே சேரவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. 2015இல் வந்த செஃப்ட்ஸ் முறையில் காசு உடனுக்குடன் அடுத்த வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. திருப்பித் தருவது பெற்றவரின் நேர்மையைப் பொறுத்தது. நண்பரிடம் காசு பெற்றவர் நல்லவர், மறுநாளே அனுப்பிவிட்டார். ஆகவே பக்கம் நின்றால் மீண்டும் அழுத்த வேண்டாம். புதிதாக உள்ளே போய் மீதியையும் கொடுக்கல் வாங்கல் பட்டியலையும் பாருங்கள், அல்லது பெறுபவருக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.

இரண்டாவது, "உங்கள் தொடர்பு பாதுகாப்பானதல்ல" என்ற சான்றிதழ் எச்சரிக்கை. அதன் அடியில் 'அட்வான்ஸ்ட்' என்றொரு பொத்தானும், அதற்குள் எப்படியாவது உள்ளே போக ஒரு வழியும் பெரும்பாலும் இருக்கும். கடைப் பையன்கள் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், என் பையனும் அன்று அழுத்தப் பார்த்தான். முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். திகதி சரியாக இருந்தும், வேறு தளங்கள் திறந்தும், உங்கள் வங்கிக்கு மட்டும் இந்த எச்சரிக்கை வந்தால், இடையில் யாரோ வங்கி போல நடிக்கும் சாத்தியம் உண்டு. ஹோட்டல், பஸ் நிலைய வைஃபையில் வந்தால் அந்த வைஃபையை விட்டு வெளியே வாருங்கள். எக்காரணம் கொண்டும் அதைத் தாண்டிக் கடவுச்சொல்லை அடிக்க வேண்டாம்.

எச்சரிக்கை வரவில்லை என்பதாலேயே தளம் உண்மையானது என்றும் ஆகிவிடாது. பார்சல் வந்திருக்கிறது, கட்டணம் கட்டுங்கள் என்று எஸ்எம்எஸ்ஸில் வரும் போலித் தளங்களும் முறையான சான்றிதழ் எடுத்துக்கொள்கின்றன. பூட்டுப் படத்தை மக்கள் தவறாக நம்புகிறார்கள் என்றுதான் குரோம் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. பெயரை எழுத்தெழுத்தாக வாசிப்பது உங்கள் வேலை. இன்னொன்று: பிரவுசரின் உண்மையான பிழைப் பக்கம் ஒருபோதும் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து "இங்கே அழையுங்கள்" என்று சொல்லாது, காசு கேட்காது. அப்படி ஒன்று சத்தத்தோடு திரையை நிறைத்தால் அது பிழைச் செய்தி அல்ல, மோசடி. பிரவுசரை மூடிவிடுங்கள்.

என் கடன் கணக்குக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கெக்கிராவையிலிருந்து வரும் ஒருவர், நான் கேட்காமலேயே தன்னிடமிருந்த பில்களைக் கொண்டுவந்து காட்டி எண்ணிக் கொடுத்தார். வேறு சிலரும் அவ்வாறே செய்தார்கள். சிலர் செய்யவில்லை, நானும் எதைக் காட்டிக் கேட்பது? இப்போது ஒவ்வொரு வியாழன் மாலையும் கணக்குக் கோப்பு ஒரு பென் டிரைவுக்குப் போகிறது, அந்த பென் டிரைவ் என்னோடு வீட்டுக்கு வருகிறது. கணனிக்குப் பக்கத்தில் மருமகன் கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது, மேலே சொன்ன பிழைகளின் பெயரும் தமிழில் அர்த்தமும்.

போன மாதம் நான் குருநாகலில் இருக்கும்போது கடைப் பையன் அழைத்தான். "முதலாளி, டைம்ட் அவுட் எண்டு போட்டிருக்கு. டேட்டாவில போட்டுப் பாத்தேன், அப்பவும் அதேதான். மத்த எல்லாம் திறக்குது." எதையும் தொடாமல் விடச் சொன்னேன். நான்கு மணிக்குப் பிறகு அது தானாகவே திறந்தது.